சைக்கிளில் பூட்டுக்கு ஓர் இடம்

திருவட்டாறிலிருந்து மார்த்தாண்டம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். ஆற்றூர் வழியாகப் போகும் அந்தச் சாலையில் சமதளம் என்று சொல்ல அதிக இடம் கிடையாது. ஏறும், இறங்கும், வளையும். பள்ளிக்கும் கடைக்கும் தோட்ட வேலைக்கும் அதில் சைக்கிள் மிதித்துப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய சைக்கிள்களை ஒருநாள் நின்று கவனித்துப் பாருங்கள். பூட்டு ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஒருவர் செயினை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருப்பார். இன்னொருவர் சீட்டுக்கு அடியில் சுற்றியிருப்பார். ஒரு மாணவியின் முன்கூடையில் டிபன் பாத்திரத்தோடு சேர்ந்து பூட்டும் கடகடத்துக்கொண்டு போகும். கேரியர் கிளிப்பில் செருகியது, தோள்பையில் போட்டது, இடுப்பில் கட்டியது எல்லாம் உண்டு.

பூட்டு வாங்கும்போது கடைக்காரரிடம் நாம் கேட்பதெல்லாம் அதை அறுக்க முடியுமா, உடைக்க முடியுமா என்றுதான். நிறுத்திவைத்த சைக்கிளுக்கு அந்தக் கேள்வி போதும். ஓடுகிற சைக்கிளில் இந்த இரும்பை எங்கே வைப்பது என்று கேட்டு வாங்குகிறவர் அபூர்வம். திருட்டுப் போனால் போவது சைக்கிள். தவறான இடத்தில் பூட்டைத் தொங்கவிட்டால் போவது முன்பல்லாகவோ கழுத்தெலும்பாகவோ இருக்கலாம். அதனால் இதைக் கொஞ்சம் இயற்பியலோடு பார்த்துவிடுவோம்.

நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் இந்தப் பிரச்சினையே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கரத்தின் அச்சுக்கு இறங்கும் இரண்டு கம்பிகளில் ஸ்க்ரூ போட்டு முறுக்கிய வட்டப்பூட்டு அதற்கு உண்டு. குமிழை அழுத்தினால் உள்ளே இருக்கும் வளைந்த தண்டு ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கத்தில் மாட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸானாலும் லூதியானாவின் ஹீரோவானாலும் இந்தப் பூட்டுக்கு ஒதுக்கிய இடம் ஒன்றுதான். மக்கள்தொகையை விடச் சைக்கிள் அதிகமாக உள்ள நெதர்லாந்திலும் அன்றாடச் சைக்கிள்களில் இதே வகைப் பூட்டு இதே இடத்தில்தான் இருக்கிறது. யோசித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். அது சைக்கிளின் நட்டநடுக் கோட்டில் இருக்கிறது, ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவதில்லை, எதிலும் தொங்குவதுமில்லை. எந்த நேரமும் சைக்கிளோடு இருப்பதால் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வரவும் வழியில்லை.

ஆனால் வட்டப்பூட்டு சக்கரத்தை மட்டும்தான் நிறுத்தும். சைக்கிளை எதோடும் கட்டிப்போடாது. ஆள் தூக்கி ஒரு மினி லாரியில் ஏற்றிவிட்டால் பூட்டியது பூட்டியபடியே ஊர் தாண்டிவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கமோ ரயில் நிலையத்திலோ காலையில் விட்டுவிட்டு இரவில் வந்து எடுக்கிறவருக்கு, கம்பத்தோடு சேர்த்துப் பூட்ட இன்னொரு பூட்டு வேண்டும். எங்கே வைப்பது என்ற கேள்வி இந்த இரண்டாவது பூட்டோடுதான் வருகிறது.

இரண்டாவது பூட்டு எடை குறைவாக இருந்தால் எவ்வளவோ நல்லது என்று தோன்றும். மெல்லிய கேபிள் பூட்டு கால் கிலோ அளவில் கிடைக்கிறது. ஆனால் அதைக் கைக்கு அடக்கமான கட்டர் ஒன்று சில நொடிகளில் துண்டாக்கிவிடும். யூ பூட்டு ஒரு கிலோவில் தொடங்கி ஒன்றரையையும் தாண்டும். தடித்த செயின் என்றால் இரண்டு கிலோவுக்கும் மேலே போகும். தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் அறுக்க வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது. அதே நீளத்துக்கு எடையும் நான்கு மடங்காகிறது. 8 மில்லிமீட்டர் தண்டிலிருந்து 16 மில்லிமீட்டருக்குப் போகிறவர் நான்கு மடங்கு இரும்பைச் சுமக்கத்தான் வேண்டும். எஃகைக் கடினப்படுத்திக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். அதற்கு மேல் குறுக்குவழி இல்லை.

அமெரிக்காவின் கிரிப்டோனைட் நிறுவனம் யூ பூட்டைக் கொண்டுவந்த புதிதில், 1972-இல், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு சைக்கிளைத் தெருக்கம்பத்தில் பூட்டி 30 நாள் விட்டுவைத்தார்கள். கழற்ற முடிந்த பாகத்தையெல்லாம் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். பூட்டுக்குள் அகப்பட்ட பாகம் அப்படியே நின்றது. கனமான பூட்டுக்கு உலகச் சந்தையில் மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான். அதைச் சுமந்து போவது எப்படி என்ற தலைவலியும் கூடவே வந்தது.

இனி எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவட்டாறுக்குப் பக்கத்தில் பரளியாற்றைக் கடந்து நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாருக்கும் தெரியும். 1966-இல் கட்டியது, உயரம் 115 அடி, அதாவது 35 மீட்டர். ஒன்றரை கிலோ பூட்டு ஒன்றைத் தரையிலிருந்து அதன் உச்சிவரை தூக்க வேண்டிய ஆற்றல் 515 ஜூல். மார்த்தாண்டம் போகும் வழியிலுள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் இரண்டு தொட்டிப்பாலத்தின் உயரம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1,030 ஜூல். டயர் தரையில் உருளும்போது ஏற்படும் தடையில் பூட்டின் எடைக்கு உரிய பங்கு, 6 கிலோமீட்டருக்கும் சேர்த்து, ஏறக்குறைய 700 ஜூல். ஆக மொத்தம் 1,730 ஜூல் சொச்சம். நம் தசைகள் சாப்பாட்டின் ஆற்றலில் கால் பங்கைத்தான் மிதிக்கும் வேலையாக மாற்றுகின்றன. அதையும் சேர்த்தால் பூட்டுக்காக உடம்பு செலவழிப்பது 2 கிலோகலோரிக்கும் குறைவு. ஒரு சின்ன மட்டிப்பழத்தில் இதைப்போலப் பல மடங்கு சக்தி இருக்கிறது.

கனமான பூட்டு என்றால் மிதிக்க முடியாது என்பது அதனால் வெறும் பயம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்றால் பூட்டு அதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. இந்த எடையை நாம் உணர்வது காலில் அல்ல, கையில். பூட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே ஒன்றரை கிலோ ஒன்றும் இல்லாததாகவும் இருக்கும், ஆளைக் கீழே தள்ளுவதாகவும் இருக்கும்.

ஹேண்டில்பாரை முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் இடம் அதுதான், ஆபத்து மிகுந்ததும் அதுதான்.

சுழலும் எந்தப் பொருளுக்கும் ஒரு சடத்துவம் உண்டு. எடை அதே எடையாக இருந்தாலும், சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் இருமடியைப் பொறுத்து அது கூடும். ஹேண்டிலின் கைப்பிடிப் பக்கம், நடு அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, ஒன்றரை கிலோ பூட்டைத் தொங்கவிட்டால் அதன் சடத்துவம் 0.094 கிலோகிராம் சதுர மீட்டர். ரிம், டயர், டியூப் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ உள்ள முன்சக்கரத்தை இடதும் வலதும் திருப்புவதற்கான சடத்துவம் ஏறத்தாழ 0.11. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹேண்டிலில் பூட்டு மாட்டுகிறவர் தம் கைக்கு இன்னொரு முன்சக்கரத்தின் வேலையைக் கொடுக்கிறார். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்.

சைக்கிள் ஓட்டும்போது நாம் நேராகப் போவதாக நினைக்கிறோம். உண்மையில் வினாடிக்கு வினாடி மிகச் சிறிய அளவில் ஹேண்டிலைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருப்பி, சாய்ந்த உடம்புக்கு அடியில் சக்கரத்தைக் கொண்டுவருகிறோம். இந்தத் திருத்தம் சற்றுத் தாமதமானாலும் அடுத்த திருத்தம் பெரிதாக வேண்டியிருக்கும். ஹேண்டில் கனத்தால் தாமதம் வரும், ஆட்டம் கூடும். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைகளின் சைக்கிளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதே அறிவியலில் நெடுங்காலக் கேள்வி. டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1970-இல் 'பிசிக்ஸ் டுடே' இதழில் எழுதிய கட்டுரைக்காக, ஓட்டவே முடியாத ஒரு சைக்கிளைச் செய்துவிடலாம் என்று விதவிதமாக முயன்றார். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவை நீக்கிய சைக்கிளையும் அவரால் ஓட்ட முடிந்தது. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பம்பர விளைவு இல்லாமல், முன்சக்கரம் திருப்பும் அச்சின் பின்னால் இழுபட்டு வரும் வழக்கமான அமைப்பும் இல்லாமல், தானே நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியைச் செய்து காட்டினார்கள். முன்பகுதியின் எடை எந்த உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதும் சைக்கிளின் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. ஹேண்டிலில் எதையாவது தொங்கவிடும்போது நாம் கைவைப்பது அந்த நுட்பமான கணக்கில்தான்.

இதைவிட மோசமானது ஊசல். செயினைப் பூட்டி வளையமாக ஹேண்டிலில் மாட்டினால் அதன் எடை மையம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கீழே இருக்கும். அந்த நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் ஒரு வினாடி. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது பெடல் ஒரு சுற்றுச் சுற்றவும் ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சைக்கிள் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் சாய்கிறது. ஊசலின் தாளமும் மிதியின் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஒவ்வொரு மிதியும் செயினை இன்னும் கொஞ்சம் வீசிவிடும். இதுதான் ஒத்ததிர்வு. செயினோடு கனத்த திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கோத்திருந்தால் ஆட்டத்தின் அடிமுனையில் அதன் எடையும் சேரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டின் வலிமையில் எந்தக் குறையும் இல்லை. தொங்கவிடும் இடம்தான் தப்பு. நான்கைந்து வீச்சில் அது முன்சக்கரத்தின் ஸ்போக்ஸை எட்டிவிடும்.

ஸ்போக்ஸில் சிக்கினால் என்ன ஆகும்? மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல். பின்சக்கரம் திடீரென்று நின்றால் சைக்கிள் சறுக்கும். பெரும்பாலும் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் நின்றால் அப்படி இல்லை. ஓட்டுகிறவரின் எடை மையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே, முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் பின்னால் இருக்கிறது. வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தின் பாதியைத் தாண்டிச் சற்றுப் போனாலே பின்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். சிக்கிய சக்கரம் அந்த எல்லையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும். ஆள் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் முகம் குப்புற விழுவார்.

இந்தப் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் இதற்குக் கணக்கு எதுவும் போடுவதில்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "மக்கா, அத முன்னால தொங்கப் போடாத. பின்னால கெட்டு" என்பார்கள். மேலே எழுதிய நீளமான கணக்கின் விடை அந்த ஒரு வரிதான்.

முன்கூடை இரண்டாவது ஆபத்து. தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. முன்கூடை வைத்த சைக்கிள் இப்போது வீட்டுக்கு வீடு உண்டு. கூடை ஹேண்டிலோடு இணைந்திருந்தால் அதிலிருக்கும் பூட்டும் ஹேண்டிலோடு திரும்பும். வெறும் கூடையில் கிடக்கும் பூட்டு வளைவில் ஒரு பக்கம் ஓடி, திருப்ப நினைக்காத அளவுக்கு ஹேண்டிலைத் திருப்பிவிடும். கூடையில்தான் வைக்க வேண்டும் என்றால் அடியில், நடுவில், நகராதபடி வைத்து மேலே பையை வையுங்கள்.

பிரேமின் முக்கோணத்துக்குள் வைப்பதுதான் பொறியாளர்கள் விரும்பும் வழி. பெரிய கம்பெனிப் பூட்டுகளோடு அதற்கென்றே ஒரு கிளாம்ப் வரும். ஜெர்மனியில் 1924-இல் தொடங்கிய ஆபஸ் நிறுவனம், பட்டைகளை ரிவெட்டால் இணைத்து மடக்கிவைக்கும் பூட்டு ஒன்றைச் செய்கிறது. தண்ணீர்ப் பாட்டில் மாட்டும் இடத்தில் அதன் உறையைத் திருகிவிடலாம். இடம் நல்ல இடம்: தாழ்வானது, நடுவானது, திரும்பாதது. ஆனால் கிளாம்ப் கொஞ்ச நாளில் தளர்ந்து பூட்டோடு கீழே சரிகிறது. எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளர்கிறது. பலரும் இதைக் கிளாம்பின் தரக்குறைவு என்று நினைக்கிறார்கள்.

காரணம் வேறு. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் அதைத் தெளிவாகக் காட்டினார். ஸ்க்ரூவின் நீளவாக்கில் வரும் அதிர்வை விடக் குறுக்குவாக்கில் வரும் அதிர்வே அதைக் கழற்றிவிடுகிறது. பக்கவாட்டில் இரு பாகங்களும் நூலிழை அளவு வழுக்கினால் போதும், அந்தக் கணத்தில் மரையில் உராய்வின் பிடி போய்விடுகிறது. சாய்வான மரையில் இறங்கவே எப்போதும் தயாராக இருக்கும் ஸ்க்ரூ இம்மியளவு திரும்பிக்கொள்கிறது. குழி விழுந்த சாலையில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது வரும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு என்றால், ஒன்றரை கிலோ பூட்டு அந்தக் கணத்தில் ஏழரை கிலோவாகக் கிளாம்பை இழுக்கும். ஸ்பிரிங் வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். யுங்கர் வகுத்த சோதனையில் அந்த வாஷரால் பெரிய பயன் இருப்பதாகத் தெரியவில்லை. நைலான் வளையம் வைத்த நட்டு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதைவிட முக்கியம் வழுக்கலைத் தொடக்கத்திலேயே தடுப்பது. கிளாம்புக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரு துண்டு ரப்பர் வைத்துவிட்டால் அது நடக்கும். பிரேமின் பெயின்ட் உரியாமலும் இருக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில்தான் துரு முதலில் கால் வைக்கிறது.

ரப்பர் என்றதும் நம் ஊருக்கே வந்துவிட்டோம். தமிழ்நாட்டில் ரப்பர் பெருமளவில் விளையும் மாவட்டம் கன்னியாகுமரிதான். அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இங்கே இயங்கிவருகிறது. ஆனால் பூட்டுக் கட்டுவதற்குத் தோட்டத்து ரப்பரைத் தேடிப் போக வேண்டாம். சைக்கிள் கடையில் தூக்கிப் போட்ட பழைய டியூப் போதும். வால்வு இருக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு நாடா வெட்டிக்கொள்ளுங்கள். சீட்டைத் தாங்கும் கம்பியோடோ கேரியரின் சட்டத்தோடோ பூட்டை ஒட்டிப் பிடித்து, நாடாவை நன்றாக இழுத்தபடி சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதி அகலத்தை மூட வேண்டும். கடைசியில் முனையை முடிச்சுப் போடாமல் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகிவிடுங்கள். அவ்வளவுதான், நகராது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிடிப்பான்களை விட நான் இதையே நம்புகிறேன்.

இவ்வளவு எளிய கட்டு எப்படி இத்தனை வலுவாகப் பிடிக்கிறது? உருளையில் சுற்றிய கயிற்றின் உராய்வு, சுற்றுக்குச் சுற்று கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். ஆய்லரும் அவருக்குப் பின் ஐடெல்வைனும் வகுத்துக் கொடுத்த சூத்திரம் இது. உராய்வுக் கெழு 0.5 என்று எடுத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிறகு ஒரு முனையில் இருக்கும் சிறு பிடி, மறுமுனையில் 23 மடங்கு இழுப்பைத் தாங்கும். இரண்டு சுற்றில் அது 500 மடங்கைத் தாண்டும். மூன்று சுற்றில் 12,000 மடங்குக்கு மேல். அடியில் செருகிய அந்த நுனியின் சின்னப் பிடியே போதும் என்பதற்குக் காரணம் இதுதான். வள்ளத்தைக் குற்றியில் கட்டுகிறவர் பயன்படுத்துவதும் இதே பெருக்கலைத்தான். ரப்பரில் கூடுதலாக ஒன்று உண்டு: இழுத்துச் சுற்றிய நாடா சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதிர்வில் பூட்டு கொஞ்சம் அசைந்தாலும் இழுவிசை விட்டுப்போகாது. சணல் கயிற்றுக்கு இந்தக் குணம் இல்லை.

டியூப்களில் இரண்டு வகை புழங்குகின்றன. இயற்கை ரப்பர் டியூப் நன்றாக நீளும், விட்டால் சட்டென்று சுருங்கும். 1937-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரில் செய்த டியூப் காற்றை அதிகம் கசியவிடாது. அதிர்வின் ஆற்றலை வாங்கித் தனக்குள்ளேயே வெப்பமாக்கிவிடும். கட்டுவதற்கு முதல் வகையும் கிளாம்புக்கு அடியில் மெத்தையாக வைக்க இரண்டாம் வகையும் பொருத்தம். வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் இயற்கை ரப்பர் வெடிப்பு விடும். நாடாவை விரித்துப் பார்க்கும்போது குறுக்கே கோடு கோடாக விரிசல் தெரிந்தால் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், காசில்லாப் பொருள்தானே.

பெண்கள் ஓட்டும் சைக்கிளில் நடுவே பார் இல்லை, ஆகவே முக்கோணமும் இல்லை. பூட்டுக் கம்பெனிகளின் கிளாம்ப் படங்களில் எல்லாம் பார் வைத்த சைக்கிளே நிற்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கால் வைத்து ஏறும் இடைவெளியில் பூட்டை மாட்டினால் சுடிதாரோ சேலையோ சிக்கும். அந்தச் சைக்கிளில் சிறந்த இடம் சீட்டுக்கு அடியில் உள்ள கம்பி. கேபிளையோ செயினையோ அதில் நெருக்கமாகச் சுற்றி, நாடா போட்டுத் தொடையில் உரசாதபடி இறுக்க வேண்டும். அடுத்த இடம் கேரியரின் இடப்பக்கச் சட்டம். சேலை கார்டு இருந்தால் அதற்கு வெளிப்புறமாக, மிதிக்கும்போது குதிகால் படாத அளவுக்குப் பின்தள்ளிக் கட்டலாம். வலப்பக்கம் சைக்கிள் செயின் ஓடுவதால் அங்கே வேண்டாம். கேரியரின் மேலே ஸ்பிரிங் கிளிப்பில் சும்மா செருகிவைக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். நியூஸ்பேப்பருக்கு அது சரி, செயினுக்குச் சரியில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரு கண்ணி நழுவி, கடைசியில் பின்சக்கரத்தில் விழும்.

தோள்பையில் போடலாமா? கணக்கு அனுமதிக்கிறது. ஒன்றரை கிலோவை முக்கால் மீட்டர் மேலே ஏற்றினாலும் மொத்த எடை மையம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் உயரும். நம் முழங்காலும் முதுகும் குலுக்கலை வாங்கிக்கொள்வதால் பையில் இருக்கும் பூட்டு கடகடப்பதும் இல்லை. ஆனால் விழும்போது முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு இரும்புத் தண்டு வந்துவிடுகிறது. இடுப்பில் கட்டும் செயினும் அப்படித்தான், மல்லாந்து விழுந்தால் அடிமுதுகில் அடி. பையில்தான் என்றால் புத்தகத்துக்கும் துணிக்கும் வெளிப்புறமாக, முதுகைத் தொடாத பக்கத்தில் வையுங்கள். பூட்டியபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் இளைஞர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும்: தயவுசெய்து வேண்டாம்.

மழையையும் பார்க்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. முன்சக்கரம் வாரியடிக்கும் செம்மண் கலந்த நீர் நேராக விழுவது முன்பக்கச் சாய்வுக் கம்பியின் கீழ்ப்பாதியில். அங்கே மாட்டிய பூட்டின் துவாரத்தில் சேறு புகுந்து காயும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருமன் கூடுகிறது. உள்ளே மயிரிழை இடைவெளியில் ஓடும் பாகங்களுக்கு அந்த வீக்கமே பெரிய சிறை. ஆகவே பூட்டைச் சீட்டுக் கம்பியின் பக்கம் மாட்டி, சாவித் துவாரம் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். பிடித்துக்கொண்ட பூட்டில் வீட்டிலிருக்கும் எண்ணெய்யை ஊற்றுவது நம் வழக்கம். காற்றுப் பட்டால் பிசினாகும் குணம் நல்லெண்ணெய்யில் அதிகம், தேங்காயெண்ணெய்யில் குறைவு. இருந்தாலும் தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவில் உறையத் தொடங்கும், தூசியையும் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அல்லது பென்சில் கரியான கிராபைட்டின் தூள் கொஞ்சம்: இரண்டில் ஒன்று போதும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, களியாகிவிடும்.

வட்டப்பூட்டு திறந்திருக்கும்போது சாவி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதில் வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, பொம்மை என்று கொத்தாகக் கோத்துத் தொங்கவிட்டால் அந்தக் கொத்தும் ஓர் ஊசல்தான். நாள் முழுக்க ஆடி ஆடிச் சாவித் துவாரத்தைத் தேய்த்துவிடும். பிறகு எந்தச் சாவி போட்டாலும் திறக்கும் பூட்டாக அது மாறும். சைக்கிள் சாவி தனியாக, ஒரு நூல்கட்டோடு மட்டும் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கனமான பூட்டைச் சுமப்பதற்கு மிகச் சிறந்த வழி சுமக்காமல் இருப்பதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். தினமும் ஒரே இடத்தில் சைக்கிளை நிறுத்துகிறவர் கனத்த செயினை அந்த இடத்துக் கம்பியிலேயே பூட்டி விட்டுவிட்டு வரலாம். வழியில் டீக்கடையில் இரண்டு நிமிடம் நிற்க வட்டப்பூட்டே போதும். நெதர்லாந்தில் வட்டப்பூட்டின் பக்கத்துத் துளையில் செருகிப் பூட்டும் தனிச் செயினே கிடைக்கிறது. ஒரே சாவியில் இரண்டும் பூட்டிக்கொள்ளும். நம் சைக்கிள் கம்பெனிகள் இதை இங்கே எல்லாக் கடைக்கும் கொண்டுவர வேண்டும். விலை கூடும் அளவுக்கு அதில் நுட்பம் ஒன்றும் இல்லை.

ஆனால் செயினை விட்டுவைக்க ஒரு கம்பி வேண்டுமே. நம் பள்ளிகளின் சைக்கிள் கொட்டகைகள் பலவற்றில் கூரை இருக்கிறது, தரை இருக்கிறது, கட்டிவைக்கக் கம்பி இல்லை. ஒரே நிறத்தில் நூறு சைக்கிள் நிற்கும் கொட்டகையில் பிள்ளைகள் சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். இரண்டு அங்குல இரும்புக் குழாயைத் தலைகீழ் யூ வடிவில் வளைத்து, தரைக்கு மேலே முக்கால் மீட்டர் உயரம் நிற்கும்படி கான்கிரீட்டில் பதித்தால் ஒரு குழாயின் இரு பக்கமும் இரண்டு சைக்கிளைப் பிரேமோடு சேர்த்துப் பூட்டலாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் முன்னாள் மாணவர்களும் முன்வந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் கொட்டகை முழுவதும் பதித்துவிடலாம். திருவட்டாறு பேரூராட்சி பஸ் நிறுத்தங்களிலும் சந்தைப் பக்கத்திலும் இதைச் செய்ய வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது இந்தக் குழாயைக் கேளுங்கள்.